மூன்றாவது சர்வீஸ்

22 மார்ச் 1987, ஞாயிறு

நேற்று கிளாட்வின் கப்பலேறப் பம்பாய்க்குப் புறப்பட்டான். அவன் பெண்டாட்டி, என் தங்கை கிரேசி, ஸ்டேஷனுக்கு வரவில்லை. வாசலிலேயே அழுது முடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நானும் என் வீட்டுக்காரரும்தான் ரயிலேற்றிவிட்டோம்.

பிளாட்பாரத்தில் நின்று கிளாட்வின் பேசியதெல்லாம் வண்டியைப் பற்றி. பெண்டாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன மாதம் ஷோரூமிலிருந்து எடுத்த மோட்டார் சைக்கிள். சிவப்பு. ஜப்பான்காரனோடு கூட்டுச் சேர்ந்து செய்கிற வண்டியாம். ஒரு வருஷம் வாரண்டி. ஆனால் கூப்பனில் போட்டிருக்கிற தேதிக்குள் ஷோரூமிலேயே சர்வீஸ் செய்யவேண்டுமாம். ஒரு கூப்பன் தவறினாலும் வாரண்டி போச்சு. வெளி மெக்கானிக் கை வைத்தாலும் போச்சு.

"ரோச் அண்ணே, ஒங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். வாரத்துல ரெண்டு நாள் எடுத்து ஓட்டுங்க. சர்வீஸுக்கும் நீங்கதான் கொண்டு போணும்" என்று சாவியை இவர் கையில் வைத்தான்.

வண்டி எங்கள் வீட்டில் நிற்காது. லயன்ஸ்டவுனில் எங்கள் முடுக்குக்குள் சைக்கிளைத் திருப்புவதே பாடு. அது போல்டன்புரத்தில் கிரேசி வீட்டு ஷெட்டில்தான் நிற்கும். அப்படியென்றால் இவர் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே போவார்.

சாவியை வாங்கும்போது இவர் முகத்தைப் பார்த்தேன். தாலி கட்டும்போது கூட அந்த முகத்தை நான் கண்டதாக ஞாபகம் இல்லை.

26 மார்ச்

இன்று முதல்முறை ஓட்டப் போனார். துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற டாலி கிளார்க் வேலை. முடிந்தால் எப்போதும் நேரே வீடுதான். இன்று விளக்கு வைத்த பிறகு வந்தார். "கிரேசி காப்பி குடுத்தா" என்றார். நான் போட்டு வைத்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

4 ஏப்ரல், சனி

முதல் சர்வீஸ். காலையிலேயே வெள்ளைச் சட்டை கேட்டார். வண்டிக்கு எண்ணெய் மாற்றப் போகிறவருக்கு வெள்ளைச் சட்டை எதுக்கு?

மத்தியானம் வந்து சொன்னார், கிரேசியும் கூட வந்தாளாம். சொந்தக்காரன் ஊரில் இல்லையென்றால் அவன் மனைவி வந்து கூப்பனில் கையெழுத்துப் போடவேண்டுமாம். ஷோரூமில் ஜகந்நாதன் என்று ஒரு சூப்பர்வைசர், தென்திருப்பேரைக்காரர், அவர் போட்ட சட்டம்.

"எப்படிப் போனா? பஸ்லயா?"

"பஸ்ஸு எதுக்கு? வண்டி இருக்குல்லா."

பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள்.

என்னை இவர் சைக்கிள் கேரியரில் வைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனது கல்யாணமான புதிதில். அப்புறம் மகள் பிறந்தாள், என் இடுப்பு பெருத்தது, சைக்கிள் டியூப் வெடித்துவிடும் என்று இவரே கேலி செய்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

19 ஏப்ரல், ஈஸ்டர்

கிரேசி வீட்டில் சாப்பாடு. இவர் தட்டில் மீன் குழம்பை ஊற்றப்போனேன். கிரேசி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தானுக்குப் புளி கூடாதுக்கா. நெஞ்சு எரியுதுன்னாவ. தனியா தேங்காப்பால் சொதி வச்சிருக்கேன்."

என்னிடம் சொல்லவில்லையே! தினமும் புளிக்குழம்பு வைக்கிறவள் நான். நெஞ்சு எரிகிறது என்று அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

சொதி நன்றாகத்தான் இருந்தது. அதுவும் ஆத்திரமாக வந்தது.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். அப்பா சந்தையிலிருந்து வளையல் வாங்கி வந்தால் என் கைக்கு ஏறாது, அவள் கைக்குக் கச்சிதமாக இருக்கும். நான் எதைக் கட்டினாலும் சாயம் போனது போல இருக்கும், அவளுக்கு எதைக் கட்டினாலும் எடுப்பு. நான் படித்து டைப்பிஸ்ட் வேலைக்குப் போனேன். அவளும் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தாள், வேலைக்குப் போக அவசியமே வரவில்லை. கப்பல்காரன் வந்தான், வீடு வந்தது, டேப் ரெக்கார்டர் வந்தது, வண்டி வந்தது. இனி என்ன பாக்கி இருக்கிறது அவளுக்கு?

இதை எழுதியது பாவம். இன்றைக்கு உயிர்ப்புப் பெருவிழா வேறு.

12 மே, செவ்வாய்

இரண்டாவது சர்வீஸ் இன்று. இவர் என்னிடம் சொல்லவே இல்லை. உப்புக் கம்பெனி ஆபீஸில் என் பக்கத்து மேசை ஜெயபாய்தான் சொன்னாள். பழைய துறைமுகத்துக்கிட்ட பார்த்தாளாம்.

"ஒன் தங்கச்சியா பின்னால இருந்தது? நல்லா சிரிச்சுக்கிட்டுப் போனாளே."

"சர்வீஸுக்குப் போயிருப்பாவ" என்றேன்.

"ஷோரூம் பாளையங்கோட்டை ரோட்டுலல்லா இருக்கு. கடக்கரையில என்ன சர்வீஸு?"

அதற்குப் பிறகு நான் அடித்த மூன்று கடிதமும் பிழை. மேனேஜர் திருப்பி அனுப்பினார்.

ராத்திரி கேட்டேன். "ஆமா, வார வழியில கடக்கரைப் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வந்தோம்" என்றார். ஒளிக்கக்கூட இல்லை. ஒளிக்காமல் சொல்கிறார் என்றால் தப்பில்லை என்று அர்த்தமா? இல்லை, நான் ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தமா?

29 மே

மஞ்சள் துணி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். வண்டி துடைக்க. அதை அவரே துவைத்துக் காயப்போடுகிறார். வீட்டில் ஒரு கைக்குட்டை துவைத்தவரில்லை.

7 ஜூன், ஞாயிறு

சண்டை. பெரிய சண்டை.

பூசை முடிந்து வந்ததும் சாவியை எடுத்தார். "ஞாயித்துக்கிழமையும் போணுமா?" என்றேன்.

"ஓட்டாம போட்டா பேட்டரி இறங்கிரும், பிலோமி. அவன் எங்கிட்டதான குடுத்துட்டுப் போயிருக்கான்?"

"வண்டிய மட்டுந்தான் குடுத்தானா?"

வாயைவிட்டு வந்துவிட்டது. இவர் கையில் சாவியோடு அப்படியே நின்றார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. சாவியை மாதா படத்துக்கு முன்னால் வைத்தார்.

"இனி போகல. போதுமா?"

போதும் என்றேன். உண்மையில் போதவில்லை. இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறார் என்றால் மனசில் ஏதோ இருக்கத்தானே செய்யும்?

17 ஜூன், புதன்

கிரேசி ஆபீஸுக்குப் போன் செய்தாள், பக்கத்து வீட்டு ஞானபாக்கியம் அக்கா வீட்டிலிருந்து.

"அத்தானுக்கு ஒடம்பு சரியில்லயாக்கா? வரவே இல்லையே. மூணாவது கூப்பன் சனிக்கிழமையோட முடியுது. அவுக வந்தா என்னயத்தான் கேப்பாவ."

"சொல்லுதேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் இவரே ஆரம்பித்தார். "நான் அந்த வீட்டுக்குப் போகல. ஆனா சர்வீஸு முடிக்கணும்ளா. நீயும் கூட வாயேன், மூணு பேருமாப் போவோம்."

"வேண்டாம். கிளாட்வினோட தம்பி அவுக ஊரு புன்னைக்காயல்ல இருந்து வந்து கொண்டு போறானாம். கிரேசி போன் பண்ணுனா. மறு சாவி அவங்கிட்ட இருக்காம்."

பொய். யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. இவர் நம்பிவிட்டார். முகம் மட்டும் கொஞ்சம் வாடியது. அந்த வாட்டத்தைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. இப்படிப்பட்டவளா நான்? ஆமாம், அந்த நேரத்தில் அப்படிப்பட்டவள்தான்.

20 ஜூன், சனி

ஒன்றும் நடக்கவில்லை. மீன் வாங்கினேன். இவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் ஜெயித்தேன்.

5 ஜூலை

கோயிலில் கிரேசி எதிரே வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது. பேச வந்தாள். மகளுக்குப் பசிக்கிறது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.

24 ஜூலை, வெள்ளி

கிளாட்வின் மாதா திருவிழாவுக்கு லீவில் வந்துவிட்டான். எனக்குச் சேலை, இவருக்குக் கைக்கடிகாரம். ஒன்றரை மாதமாக வண்டிப் பக்கமே போகாதவர், வாங்கத் தயங்கினார்.

28 ஜூலை, செவ்வாய்

வண்டி நின்றுபோனது. அம்மாவைப் பார்க்கப் புன்னைக்காயலுக்கு வேகமாக ஓட்டிப் போயிருக்கிறான் கிளாட்வின். முக்காணி தாண்டியதும் இன்ஜின் கடகடவென்று கத்திவிட்டு இறுகிப்போனதாம். உப்பு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

30 ஜூலை

ஷோரூமில் முடியாது என்றுவிட்டார்கள். மூன்றாவது சர்வீஸ் செய்யவில்லை, எண்ணெய் மாற்றவில்லை, ஆகவே வாரண்டி இல்லை.

சாயங்காலம் கிளாட்வின் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. "என்னண்ணே, இப்படிப் பண்ணிட்டீகளே?"

இவர் என்னைப் பார்த்தார், ஒரு தடவைதான். தம்பிக்காரன் யாரும் வரவில்லை என்பது அந்த நிமிஷம் புரிந்திருக்கும். "துறைமுகத்துல வேல ஜாஸ்தி. மறந்துட்டேன் கிளாட்வின்" என்றார்.

அவன் போன பிறகு என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

1 ஆகஸ்ட், சனி

ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனேன். எதற்கு? ஏதாவது செய்து வாரண்டியை வாங்கிவிட்டால் எல்லாம் மூடிப்போய்விடும் என்ற ஆசை.

ஜகந்நாதன் வயசானவர், நெற்றியில் திருமண். உட்காரச் சொன்னார்.

"தேதி தாண்டிடுத்தேம்மா. நான் எழுதிக் குடுத்தாலும் கம்பெனியிலே ஒத்துக்க மாட்டா. முதல் ரெண்டும் தேதி தவறாம வந்தாளே, மூணாவதுக்கு என்ன ஆச்சு?"

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"உங்காத்துக்காரர் ஷெட்டை விட்டு நகரவே மாட்டார். மெக்கானிக் தோளுக்குப் பின்னாலேயே நின்னுண்டிருப்பார், குழந்தை மாதிரி. உங்க தங்கை வாசல்லயே நிப்பா. நாற்காலி போட்டாலும் வேண்டாம்னுடுவா. ரோட்டையே பார்த்துண்டிருப்பா. பஸ், மாட்டு வண்டி, ஜனங்க எல்லாத்தையும். ரெண்டாம் தடவை நானே கேட்டுட்டேன், யாரையாவது எதிர்பார்க்கிறியாம்மான்னு. 'இல்ல சார், சும்மா பாக்கேன். வெளிய வந்து நாளாச்சு'ன்னா."

வெளிய வந்து நாளாச்சு. என்ன பேச்சு இது? அவளுக்கென்ன குறைச்சல், நினைத்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாமே?

2 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் கூட்டத்துக்குள் கிரேசியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு சொன்னாள்.

கிளாட்வின் கப்பலில் இருந்து துறைமுகத்துக்குத் துறைமுகம் போன் போடுகிறான், ஞானபாக்கியம் அக்கா வீட்டுக்கு. இன்ன நேரம் என்று கிடையாது. அவள் வீட்டில் இருக்கிறாளா என்று அந்த அக்காவைப் பார்த்துவரச் சொல்வான். ஒரு தடவை மருந்துக்கடைக்குப் போயிருந்தாளாம், அந்த நேரம் போன் வந்துவிட்டது. அடுத்த லீவு முழுக்க அதைப் பற்றியே பேச்சு. அதிலிருந்து கோயிலைத் தவிர எங்கேயும் போவதில்லை. அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், கேட்டுக்கொண்டே இருப்பான்.

"சர்வீஸுக்கு மட்டும் அவுகளே போகச் சொன்னாவ. வாரண்டி போயிரும்லா. அந்த ரெண்டு நாளுதான்க்கா நான் ஊரப் பாத்தேன். அன்னைக்கு அத்தாங்கிட்ட நான்தான் கேட்டேன், கடக்கரை வழியாப் போவமான்னு."

"எங்கிட்ட ஏன்ளா சொல்லல?"

"நீ எங்கிட்ட நின்னு பேசுனாத்தான?"

5 ஆகஸ்ட், புதன், பனிமய மாதா திருவிழா

 வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கிரேசி வீட்டில் விருந்து. கிளாட்வினுடைய அம்மா அந்தோணியம்மாள் புன்னைக்காயலிலிருந்து வந்திருந்தார்கள். ஞானபாக்கியம் அக்காவும் இருந்தார்கள். இலை போட்டாயிற்று. கிளாட்வின் இவருக்கு எதிரே உட்கார்ந்தான். சாதாரணமாகப் பேசுகிறவன் போலத்தான் ஆரம்பித்தான்.

"வேல ஜாஸ்தின்னீகளேண்ணே. நேத்து துறைமுகத்துல விசாரிச்சேன். ஜூன் மாசம் கப்பலே கொறவாம்லா?"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"வாரம் ரெண்டு தடவ வந்துட்டு இருந்தவுக, திடீர்னு ஏன் நிறுத்துனீக? என் வீட்டுல அப்படி என்ன நடந்துச்சு?"

கிரேசி குழம்புச் சட்டியோடு வாசல்நிலையில் நின்றுவிட்டாள்.  அவள் புருஷன் கண்ணில் எனக்குத் தெரிந்த ஒன்று இருந்தது. நான் தினமும் அதோடுதான் படுத்து எழுந்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா?

இவர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இருக்கிறார். அவர் பேசாமல் இருக்க இருக்க அவள் குற்றவாளி ஆகிக்கொண்டிருக்கிறாள். இதைச் செய்தவள் நான்.

"நான்தான் தம்பி நிறுத்துனேன்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"பொறாம. வேற என்னத்தச் சொல்ல? எம் புருஷன் ஒங்க வீட்டுக்கு வாரதும், எந் தங்கச்சி அவரு பின்னால வண்டியில போறதும் எனக்குப் பொறுக்கல. போகக்கூடாதுன்னு சண்ட போட்டேன். அப்பவும் சர்வீஸ முடிக்கணும்னுதான் சொன்னாரு. ஒங்க தம்பி வந்து கொண்டு போறதா நான் பொய் சொன்னேன். அவ போன் பண்ணி அழாத குறையாக் கேட்டா, அவருகிட்ட சொல்லுதேன்னு அவளையும் ஏமாத்துனேன். இவுக ரெண்டு பேரு மேலயும் ஒரு தப்பும் கெடையாது. வண்டி கெட்டது என்னால."

நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை.

"எனக்கு இருக்க அதே சீக்குதான் தம்பி ஒங்களுக்கும். நான் ஒரு வண்டியக் கெடுத்தேன். நீங்க போன் போட்டுப் போட்டு அவளக் கெடுக்கீக."

கிளாட்வின் எழுந்துவிட்டான். அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தோணியம்மாள் அதட்டினார்கள். "ஏலே, உக்காரு. பொம்பள இம்புட்டுப் பேருக்கு முன்னால தன் மானத்த வச்சுப் பேசியிருக்கா. நீ கேட்ட கேள்வி மட்டும் நல்ல கேள்வியாலே? மாதா திருநாளும் அதுவுமா."

உட்கார்ந்தான். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஞானபாக்கியம் அக்கா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள்.

திரும்பி வரும்போது மாதா பவனிக்குக் கூடிய கூட்டத்தில் நானும் இவரும் ஒட்டி நடக்கவேண்டியிருந்தது. முடுக்கு வந்ததும்தான் பேசினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்லா, பிலோமி. வண்டி மேலதான் எனக்கு ஆச. இந்த ஜென்மத்துல நமக்கு அப்படி ஒண்ணு வாங்க முடியாது, அதான். இதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."



6 ஆகஸ்ட்

புளியில்லாமல் குழம்பு வைத்தேன். சாப்பிட்டார். பிறகு பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

13 செப்டம்பர், ஞாயிறு

கிளாட்வின் மறுபடி கப்பலுக்குப் போனான். வண்டியைப் பொன்னுதுரை மெக்கானிக் பிரித்துச் சரிசெய்துவிட்டார். இனி யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம், வாரண்டி இல்லையே.

ஸ்டேஷனில் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. "போயிட்டு வாரேன் மைனி" என்று ரயில் நகர்ந்த பிறகுதான் சொன்னான். வண்டிச் சாவியை இந்தத் தடவை கிரேசியிடம் கொடுத்திருக்கிறான். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை.

4 அக்டோபர்

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைக் கூட்டிக்கொண்டு கிரேசி வீட்டுக்குப் போகிறேன். ஆபீஸின் பழைய டைப்ரைட்டரை மேனேஜர் விற்றார், அதை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். விரல் மறக்கவில்லை அவளுக்கு. இரண்டாவது வாரமே என்னைவிட வேகம். எனக்கு வயிற்றெரிச்சல்தான். இதற்குமா, சனியனே, என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

16 நவம்பர், திங்கள்

இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் கிரேசிக்கு வேலை. ஜெயபாயின் அண்ணன் அங்கே இருக்கிறார், அவள்தான் சொல்லி வைத்தாள். கிளாட்வினைக் கேட்காமல் சேர்ந்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அவளுக்கு இல்லை.

2 டிசம்பர்

கொழும்பிலிருந்து கிளாட்வின் போன் செய்தானாம், பட்டப்பகலில். ஞானபாக்கியம் அக்கா எட்டிக்கூடப் பார்க்காமல், "அவ வேலைக்குப் போயிருக்கா, ஏழு மணிக்கு மேல கூப்பிடுங்க தம்பி" என்று வைத்துவிட்டார்களாம்.

ஏழு மணிக்குக் கூப்பிட்டிருக்கிறான். கிரேசி பயந்துகொண்டே போய் எடுத்திருக்கிறாள்.  "சாப்பிட்டியா?" என்றானாம். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. வேலையைப் பற்றியும் கேட்கவில்லை. இது மாற்றமா, இல்லை ஊருக்கு வந்து வைத்துக்கொள்வோம் என்று இருக்கிறானா? தெரியவில்லை. கிரேசியும் தெரியவில்லை என்றுதான் சொல்கிறாள். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

10 ஜனவரி 1988, ஞாயிறு

பூசை முடிந்து வந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

"பிலோமி."

"என்ன?"

"கிரேசி கோயில்ல பாத்துச் சொன்னா. வண்டி ஸ்டார்ட் ஆகலையாம். பொன்னுதுரைட்ட கொண்டு போணும்." என் முகத்தைப் பார்த்தார். "போகட்டா?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் இவர் எங்கேயும் போக அனுமதி கேட்டதில்லை. நான் சண்டை போட்டு வாங்கிக்கொண்டது இதைத்தான்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

"நீயும் வாரியா?"

"வேல கெடக்கு. நீங்க போங்க."

சட்டையை மாற்றிக்கொண்டு போனார். முடுக்கு திரும்பும்வரை செருப்புச் சத்தம் கேட்டது.  அந்தப் பொறாமை போய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன், போகவில்லை. எழுந்து வாசல்வரை வந்தேன். பிறகு திரும்பிப் போய் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.